புயல் என்று குறித்த அதிர்வு

மார்ச் 4

தம்பி,

போனை எடுக்காமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் அன்றைக்கு மதியம் கேட்ட குரல்தான் காதில் விழுகிறது. அதற்குமேல் நீ என்ன பேசினாலும் எனக்கு ஏறுவதில்லை. ஐந்து மாதத்தில் நீ அடித்த போனெல்லாம் எடுத்து அப்படியே வைத்துவிட்டேன். கோபம்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். தையல் கடைக்கு மேலேயே ஒரு அறை எடுத்திருக்கிறேன். கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும், அவ்வளவு பெரிய மாளிகை. அன்றைக்கு அடிபட்ட வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க வராது. கட்டிங் எல்லாம் கடையில் வேலை செய்கிற பெண் பார்த்துக்கொள்கிறாள், நான் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுப்பதோடு சரி. அவள் என் கோட்டைத் தாண்டி வெட்டும்போதும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். என் வாயைப் பற்றித் தெரிந்த உனக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் நிலநடுக்க நிபுணர் ஆகிவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் சொல்கிறார், பூமியின்மேல் உட்கார்ந்திருந்த காற்றின் கனத்தைப் புயல் தூக்கிவிட்டதாம், அதனால் பூமி எழும்பியதாம். மருந்துக்கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கிப் பாறையை வழுக்கிவிட்டது என்கிறார். பழைய வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, கடல் கரையை அடித்த அடியில்தான் எல்லாம் நடந்தது என்கிறாள். பகலெல்லாம் புயல், சாயங்காலம் நிலநடுக்கம், சம்பந்தம் இல்லாமல் எப்படி இருக்கும் என்று என்னிடமே கேட்கிறார்கள். என் தம்பிக்கு அதுதான் வேலை என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இது ஊர்வம்பு இல்லை. அன்றைக்கு இரண்டு மணி வாக்கில் அப்பா "தரை ஆடுது" என்றார். நான் உனக்குப் போன் செய்தேன். "புயல்தான்க்கா, கடல் அடிக்கிற அடியில தரை கொஞ்சம் அதிரத்தான் செய்யும், உள்ளேயே இருங்க" என்று நீ சொன்னாய். உள்ளேயே இருந்தோம். ஐந்தே முக்காலுக்குப் பின்னறைச் சுவர் அப்பாமேல் விழுந்தது.

புயல்தான் அப்போது தரையை ஆட்டியது என்றால், அப்பா பயந்தது புயலுக்கு. நாம் சொன்னதில் தவறில்லை, பின்னால் வந்தது தலைவிதி. புயல் இல்லை என்றால் அப்பா சொன்னது சரி, அவரை அந்தச் சுவருக்குக் கீழே படுக்க வைத்தது நான். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை தம்பி.

அதனால் நீ போனில் சொன்னதையே ஒரு தாளில் எழுதி அனுப்பு. "இரண்டு மணிக்கு அப்பா உணர்ந்தது புயல்." ஒரு வரி போதும். முடியாத நாளில் எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். நிலநடுக்க நிலையத்தில் ஆள் குறைவு, நானும் மூத்த அலுவலர் ஒருவரும்தான் மாற்றி மாற்றி உட்கார்கிறோம். அளந்து பார்க்காமல் எதற்கும் பதில் சொல்லமாட்டார், அதனால் அவருக்கு இங்கே அளவுகோல் என்று பெயர். சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட யோசிப்பார்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இது பெரிய பெரிய ஆட்களே இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிற விஷயம். புயல் வந்தால் காற்றின் அழுத்தம் குறையும் என்பது உண்மை. முடிவெட்டுகிறவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. சில இடங்களில் அந்த நேரத்தில் பாறை மிக மெதுவாக நகர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பெருமழை பெய்து சில காலம் கழித்துச் சின்னச் சின்ன அதிர்வுகள் கூடியதாகவும் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் ஊரில் வந்தது பதினெட்டு கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே சேர்ந்திருந்த அழுத்தத்துக்கு முன்னால் ஒரு புயல் என்பது நடக்கிறவன் முதுகில் விழுந்த இலை மாதிரி. அது எந்த நாளிலும் வந்திருக்கும். அன்றைக்குப் புயலும் இருந்தது, அவ்வளவுதான். பெரிய நிலநடுக்கத்துக்குத் தட்பவெப்பம் கிடையாது என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

எதிர்வீட்டுக்காரம்மா சொன்ன கடல் விஷயம் இன்னொன்று. புயல் நாளில் கடல் அலைகள் அடிக்கும்போது அடித்தரை மெல்ல அதிரும். அந்த அதிர்வு பாறை வழியாக நெடுந்தூரம் போகும். இங்கே நிலவறையில் இருக்கும் எங்கள் கருவிவரை வரும். புயல் நாளில் எங்கள் திரையில் கோடுகள் எல்லாம் கம்பளி நூல் மாதிரி தடித்துப்போய்த் தெரியும். ஆனால் அது மிகவும் நுண்ணியது, கருவிக்குத்தான் தெரியும், மனிதர் யாரும் உணர முடியாது. ஆகவே புயலுக்கும் அதிர்வுக்கும் தொடர்பு உண்டா என்றால் ஒரு வகையில் உண்டு, நீங்கள் பேசிக்கொள்கிற வகையில் இல்லை.

நீ கேட்ட அந்த ஒரு வரியை முறைப்படி பதிவுகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்லமுடியும். விரலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே. ஈரத்துணி பிழிவது நல்லது என்கிறார்கள்.

தம்பி


மார்ச் 24

தம்பி,

உன் கடிதத்தைப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் வாசித்தால் கைதட்டுவார்கள். நான் கேட்டது மட்டும் அதில் இல்லை.

சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? யார் செய்தது என்று அப்பா கேட்டார். நீ ரேடியோ எப்படிப் பாடுகிறது என்று அரைமணி நேரம் விளக்கினாய். அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் அப்பா இல்லை.

நாலாம் முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் சாக்பீஸால் அடிக்கோடு போட்டு உன் தாளையே திருப்பி அனுப்புகிறேன். "கருவிக்குத்தான் தெரியும், மனிதர் யாரும் உணர முடியாது." எழுதியது நீதான்.

அப்பாவின் கால் உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவர். பின்சக்கரத்தில் ஒரு நட்டு தளர்ந்திருப்பதை உள்ளங்காலில் கண்டுபிடித்து, வண்டி நிறைய ஆட்களை நடுரோட்டில் இறக்கிவிட்டுத் திட்டு வாங்கினவர். கடைசிக் காலத்தில் அவருக்கு எதிலும் சந்தேகம். கேஸ் கசிகிறது, மேல்மாடியில் யாரோ நடக்கிறார்கள், வாசற்கதவு இறங்கிவிட்டது. நாம் இரண்டு பேரும் போனில் சிரித்திருக்கிறோம். சரி, சிரித்தோம். ஆனால் அவர் மனிதர்தானே? மனிதரால் உணர முடியாது என்று நீயே எழுதுகிறாய். அப்படியானால் இரண்டு மணிக்கு அவர் காலுக்குக் கீழே ஆடியது என்ன?

இந்த முறை பூசி மெழுகாதே. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் இவ்வளவு நீளமாக எழுதமாட்டான்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நீ அடிக்கோடு போட்ட தாள் பத்து நாளாக என் மேசைமேல் கிடக்கிறது. அளவுகோல் பார்த்துவிட்டு, யார் திருத்திய பரீட்சைத் தாள் என்று கேட்டார். அக்கா திருத்தியது, தோற்றுவிட்டேன் என்றேன்.

அப்பா உணர்ந்தது புயல் இல்லை. நிலநடுக்கம். மிகச் சின்னது, இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு வந்தது.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புயல் வந்தால் கருவியின் அலாரம் ஓயாமல் அடிக்கும். காது புளித்துவிடும். அதனால் அலாரம் அடிக்கிற அளவை உயர்த்தி வைத்துவிடுவோம். மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் "புயல்" என்று குறித்துக்கொண்டே போவோம், கோடுகளைப் படிக்க மாட்டோம். பல வருஷமாக இப்படித்தான். யாரும் தப்பு என்று சொன்னதில்லை. அன்றைக்கு மூன்றாவது நாள் புயல். பாதையில் மரம் விழுந்து அளவுகோலால் மேலே வர முடியவில்லை. நான் ஒருவன்தான் இருந்தேன்.

நீ போன் செய்தது இரண்டு இருபத்தொன்றுக்கு. நீ கேட்டு முடிக்குமுன்பே பதில் சொன்னேன். திரையைப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு வழக்கம்போல ஏதோ தோன்றுகிறது என்று நினைத்தேன். வாயில் பிஸ்கட் இருந்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது.

போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. இரண்டே முக்கால் வாக்கில் பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். புயலின் அதிர்வு மெதுவானது. அதை வடிகட்டிவிட்டால் பக்கத்தில் வந்த நிலநடுக்கம் தனியாகத் தெரியும். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான். அழுத்தினேன். இரண்டு மணி மூன்றுக்கு நேராக ஒரு கூர்மையான பல் மாதிரி நின்றது. உங்கள் பக்கத்துக் கருவியில் மட்டும் வந்திருந்தது. அந்தப் பக்கத்து மற்ற இரண்டு கருவிக்கும் மின்சாரம் இல்லை.

போனை எடுத்தேன். இப்போதுதானே ஒன்றும் இல்லை என்று சொன்னோம், உடனே மாற்றிச் சொன்னால் நீ பயப்படுவாய், அப்பா "நான் சொன்னேன்ல" என்று ஒரு வாரம் பேசுவார் என்றெல்லாம் ஓடியது. ஒரு கருவியை வைத்து என்ன சொல்வது என்றும் தோன்றியது. நாலு மணிக்கு இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று போனை வைத்தேன். நாலு மணிக்கு அளவுகோலின் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று தகவல் வந்தது. அவருக்கு ஆள் அனுப்பப் பத்து இடத்துக்குப் பேசினேன். உங்களை மறந்தேன். மறந்தேன் என்ற இந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை மாதமாக என்னால் எழுத முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், சாக்குக்காக இல்லை. இரண்டு மணி மூன்றுக்கு வந்ததைச் சரியாகப் படித்திருந்தாலும் பெரியது வரப்போகிறது என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. இப்படி வரும் சின்ன அதிர்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒன்றுமே வராது. ஆனால் "பின்னறையில படுக்க வேண்டாம்பா, முன்பக்கம் வாசல்கிட்ட இருங்க" என்று சொல்லியிருப்பேன். அது போதுமாக இருந்திருக்கும். முன்னறை விழவில்லையே.

நீ ஆரம்பத்தில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பூமிக்கு உள்ளே புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் என் மேசையில்தான் இருந்தது. ஒன்றின் இரைச்சலில் இன்னொன்றை நான் விட்டுவிட்டேன்.

பதிவேட்டில் இன்னும் அந்த நேரத்துக்கு நேராகப் "புயல்" என்றுதான் இருக்கிறது. அதைத் திருத்தக் கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறேன். விசாரணை வரும், வரட்டும். ஒரே கருவியில் பதிவானதை நிலநடுக்கம் என்று சேர்க்க வேண்டுமானால், அந்த இடத்தில் உணர்ந்தவரின் அறிக்கை வேண்டும். படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று உன்னால் முடிந்தால் எழுது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

தம்பி


ஏப்ரல் 13

படித்தேன்.

நீ போனை எடுத்து வைத்த பிறகு மூன்று மணி நேரம் இருந்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் அப்பா இரண்டு முறை டீ கேட்டார், ஒரு முறை போட்டுக் கொடுத்தேன்.

படிவத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே.


மே 3

அக்கா,

எழுதாதே என்றாய். ஒரு தகவலைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நடந்ததை எழுதி மேலிடத்தில் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டு விசாரித்தார்கள். இறந்தவர் சொன்னதாக இன்னொருவர் எழுதிக் கொடுத்தால் செல்லாதாம். உணர்ந்தவரே கையெழுத்துப் போட வேண்டுமாம். அங்கே ஆள் அனுப்பித் தெருவில் விசாரித்திருக்கிறார்கள். புயலில் கதவு ஜன்னல் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது, எதை என்று சொல்வது என்று எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். உன் கடைக்கும் வந்தார்களாம், நீ இல்லை என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

விசாரித்த அதிகாரி நல்ல மனிதர்தான். "விட்டுடுப்பா, ஒரு வரிதானே, யார் எடுத்துப் பார்க்கப் போறா" என்றார். அது புயலாகவே இருந்தால் எனக்கும் நல்லது. படிக்காமல் விட்டேன் என்ற பேச்சே எழாது, வேலையும் பிழைக்கும். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். எனக்கு அது நல்லதாகப் படவே இல்லை. அப்பா கடைசியாகச் சரியாகச் சொன்ன ஒன்று, அதுவும் இல்லை என்று ஆகிவிடும்.

படிவத்தைத் தேட வேண்டாம். கிடைத்தால் கிழித்துப் போட்டுவிடு.

தம்பி


மே 20

தம்பி,

படிவம் தொலையவில்லை. தையல் மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் இருந்தது. தொலைந்தது என்று நான் எழுதியது பொய். ஆள் வந்தபோது கடையில் இல்லை என்று சொல்லச் சொன்னதும் நான்தான். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

உன்னுடையதை நீ எழுதிவிட்டாய். என்னுடையதை எழுதாமல் உன்மேல் கோபமாக இருந்துகொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். உன் மூன்று மணி நேரம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தேன் என்று எழுதினாயே, அதற்குப் பிறகு முடியவில்லை.

இரண்டு மணிக்கு அப்பா மட்டும் உணரவில்லை. நானும் உணர்ந்தேன்.

மின்சாரம் இல்லாததால் கால்மெஷினில் உட்கார்ந்து ஜன்னல் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். நூல் மாற்றக் காலை நிறுத்தினேன். நிறுத்திய பிறகு பெடல் என் காலுக்கடியில் தானாக ஆடியது. காற்று வந்தால் கதவு ஆடும், கூரை ஆடும், எல்லாம் மேலே இருந்து. இது கீழே இருந்து வந்தது. நானும் பஸ் டிரைவர் பெண்தானே, எனக்கு அது தெரிந்தது. அப்பா பின்னறையிலிருந்து வந்து, "ஆடுச்சு, பார்த்தியா?" என்றார்.

"இல்லையேப்பா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எட்டு மாதமாக யோசிக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆமாம் என்றால் அவர் என்னை மழையில் வெளியே இழுப்பார். திரைச்சீலையை மறுநாள் கொடுத்தாக வேண்டும். அவருக்கு எதற்கும் ஆமாம் போடுவதில்லை என்று பழகிப்போயிருந்தது. நீங்கள் அலாரத்தை உயர்த்தி வைப்பீர்கள் என்று எழுதினாய். நானும் அப்பா விஷயத்தில் எத்தனையோ வருஷமாக உயர்த்தித்தான் வைத்திருந்தேன்.

அவர் உள்ளேயே இருந்தார் என்று உனக்கு எழுதினேன். அதுவும் முழுசாக உண்மை இல்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த காலி மனையில் போய் நடுவில் உட்கார்ந்துவிட்டார். எழுபத்து நாலு வயது ஆள், கொட்டுகிற மழையில். கூப்பிட்டால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். உண்மை தெரிந்துகொள்வதற்காக இல்லை. அவரை உள்ளே கொண்டுவர எனக்கு ஒரு ஆள் பேர் வேண்டியிருந்தது. நீ திரையைப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மூச்சு விடுமுன்பே பதில் சொன்னாயே. இன்னொரு முறை பார்த்துச் சொல்லுடா என்று நான் கேட்கவில்லை.

குடையைப் பிடித்துக்கொண்டு போய், "தம்பி சொல்லிட்டான்பா, புயல்தானாம்" என்றேன்.

"மெஷின்ல பார்த்துட்டா சொன்னான்?" என்று கேட்டார்.

"பார்த்துட்டுத்தான் சொன்னான்."

"அப்ப சரி" என்று உடனே எழுந்துவிட்டார். அதற்கு முன் கால் மணி நேரம் நான் கெஞ்சினதுக்கு அசையாதவர். நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டார். வரும் வழியில் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து, "ஒண்ணும் இல்லையாம், என் பையன் மெஷின்ல பார்த்துட்டான்" என்று சத்தமாகச் சொன்னார். தலையைத் துவட்டிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் உன்னோடு போனில் பேசாமல் இருந்தேன். பேசினால் வந்துவிடும். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் என்னையும்தான் காப்பாற்றிக்கொண்டேன். ஏனென்றால் அதைச் சொன்னால், பார்த்துட்டான் என்று அவருக்குச் சொன்னது யார் என்று நீ கேட்பாய்.

மார்ச்சில் உன்னிடம் ஒரு வரி கேட்டேனே, அது அப்பாவுக்காகக் கேட்டது என்று நினைத்திருப்பாய். அது எனக்கு. புயல் என்று நீ எழுதிக் கொடுத்திருந்தால் என் கால் உணர்ந்ததும் பொய் என்று நம்பியிருப்பேன். நீ எழுதித் தராதது நல்லது என்று சொல்லமாட்டேன். நல்லதாக இல்லை. ஆனால் எழுதியிருந்தால் நான் அதை நம்பிக்கொண்டே செத்துப்போயிருப்பேன்.

படிவத்தை நிரப்பி அனுப்புகிறேன். இடக்கையால் எழுதியது, கோழி கிளறிய மாதிரி இருக்கும், அளவுகோலை முகம் சுளிக்க வேண்டாம் என்று சொல். உணர்ந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்குத் தையல் என்று எழுதியிருக்கிறேன். பிறகு என்ன செய்தீர்கள் என்ற இடத்தில் எல்லாவற்றையும் எழுத இடம் போதவில்லை. "இல்லை என்று சொன்னேன்" என்று மட்டும் எழுதினேன். கையெழுத்து என்னுடையது, நான் உயிரோடு இருக்கிறேன், செல்லும். எத்தனை பேர் உணர்ந்தார்கள் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே எழுதிவிட்டு எனக்குச் சொல்.

இதனால் உன் வேலைக்கு ஏதாவது வந்தால் இங்கே வந்துவிடு. கட்டிங்குக்கு ஒழுங்கான ஆள் இல்லை. கோடு போட்டால் கோட்டின்மேல் வெட்டுகிறவன் வேண்டும்.

அக்கா


ஜூன் 9

அக்கா,

உன் கடிதத்தை நிலவறைக்குள் எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். கருவி இருக்கிற இடம், சும்மா யாரும் போகக்கூடாது, ஒரு அடி எடுத்து வைத்தாலும் பதிவாகிவிடும். வேறு எங்கேயும் கதவைச் சாத்திக்கொள்ள இடம் இல்லை. "என் பையன் மெஷின்ல பார்த்துட்டான்" என்ற வரிக்கு அப்பால் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. நான் உள்ளே இருந்த இருபது நிமிடமும் மேலே திரையில் தாறுமாறாக விழுந்திருந்தது. அளவுகோல் அதற்கு நேராக "ஆள் நடமாட்டம்" என்று குறித்திருந்தார். ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

நீ பொய் சொன்னாய் என்கிறாய். அப்பா உன் பேச்சைக் கேட்டு எழுந்திருக்கவில்லை அக்கா, என்னை நம்பி எழுந்தார். இந்தத் தப்பு யாருடையது என்று நாம் இரண்டு பேரும் இழுபறி செய்தால் முடியவே முடியாது. உன்னுடைய பங்கை உன்னிடமிருந்து நான் பிடுங்கமாட்டேன். என்னுடையதை நீயும் பிடுங்காதே. எனக்கு உன்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வருகிறது.

படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். என்னைக் கண்காணிப்பு வேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். பழைய பதிவுத்தாள்களை அடுக்குகிற வேலை, ஒரு வருஷத்துக்கு. புயல் நாளில் இரண்டு பேர் இல்லாமல் அலாரத்தின் அளவை உயர்த்தக்கூடாது என்று சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஏன் என்று அதில் இல்லை.

நேற்றுப் பதிவேட்டைத் திருத்தினோம். நான் எழுத, அளவுகோல் பக்கத்தில் நின்று சரிபார்த்தார். "புயல்" என்று என் கையெழுத்தில் இருந்ததன்மேல் ஒரு கோடு போட்டு, நிலநடுக்கம் என்று எழுதினேன். நேரம் எழுதினேன். இடம் எழுதினேன். உணர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற கட்டம் வந்ததும் அளவுகோல், "கையெழுத்து ஒண்ணுதானே இருக்கு" என்றார்.

படிவத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். எத்தனை பேர் உணர்ந்தார்கள் என்றுதான் அதில் கேட்டிருக்கிறது. அவர்கள் இப்போது இருக்கிறார்களா என்று எங்கேயும் கேட்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிவத்தின் இரண்டு பக்கமும் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

இருவர் என்று எழுதினேன்.

தம்பி